மண்ணை அளந்த பேராசிரியர் துரைராஜா

கேம்பிரிட்ஜ் நகரினூடாக ஓடும் ஆற்றின் பெயர் கேம். அதன் பெயரைத் தாங்கிய ‘கேம் களி’ என்னும் கோட்பாடு இன்றும் உலகின் பல பல்கலைக்கழகங்களில் குடிசார் பொறியியல் மாணவருக்குக் கற்பிக்கப்படுகின்றது. அதன் அத்திவாரக் கற்களுள் ஒன்றை இட்டவர் வடமராட்சியிற் பிறந்த ஒரு தமிழர் என்பதை நம்மிற் பலர் அறியார்.

பேராசிரியர் அழகையா துரைராஜா 1934 நவம்பர் 10 ஆம் திகதி பிறந்தார். பருத்தித்துறை ஹாட்லிக் கல்லூரியிற் கற்று, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடத்தில் 1957 இல் முதல் வகுப்பிற் சித்தியெய்தினார். பீடம் அப்போது கொழும்பில் இயங்கியது. பேராதனைக்கு அது இடம்பெயர்ந்தது 1964 இலேயாகும்.

மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றவர், பேராசிரியர் ரொஸ்கோவின் ஆய்வுக் குழுவிற் சேர்ந்தார். களிமண் மீது சுமை ஏறும்போது துகள்களிடையே உள்ள நீரே முதலில் அதைத் தாங்குகின்றது. நீர் மெல்ல வெளியேற மண் இறுகித் தாழ்கின்றது. மண்ணின் தாழ்வையும் அதன் பலத்தையும் பொறியியலாளர் வெவ்வேறு கணக்குகளாகவே செய்துவந்த காலமது. துரைராஜா களிமண் மாதிரிகளை அமுக்கிச் சோதித்து, அவற்றுக்கு ஊட்டப்பட்ட சக்தியைக் கணக்கிட்டார். கனவளவு மாற்றத்துக்குச் செலவான பங்கைக் கழித்தபின் எஞ்சியது, அமுக்கத்துக்கும் உருச்சிதைவுக்கும் எளிய விகிதத்தில் அமைந்திருக்கக் கண்டார். அந்த எளிய உறவிலிருந்து, ஒரு வகையீட்டுச் சமன்பாட்டின் வழியே, மண் எப்போது இணங்கிக் கொடுக்கும் என்று கூறும் வளைகோடு பிறந்தது. ரொஸ்கோ, ஸ்கோஃபீல்ட் ஆகியோருடன் அவர் எழுதி 1963 இல் வெளியான கட்டுரை இத்துறையின் மூலநூல்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது. தூய கணிதத்துக்கும் பொறியியலுக்கும் என்ன உறவு என்று வினவும் மாணவருக்கு இதனினும் நல்ல விடை கிடைப்பது அரிது.

நாடு திரும்பி ஆசிரியரானார். பின்னாளிற் பேராதனைப் பொறியியற் பீடாதிபதியுமானார். அவர் ஆசிரியராயிருந்த காலத்திலேயே அப்பீடத்தின் வாயில் தமிழ் மொழிமூல மாணவருக்குக் குறுகியது. 1970 களின் தொடக்கத்தில் வந்த தரப்படுத்தலின்படி, பேராதனையிற் பொறியியல் பயிலச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 227 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ் மொழிமூல மாணவர் 250 பெற வேண்டியிருந்தது. தமிழிற் கற்ற முஸ்லிம் மாணவரும் இதற்கு விலக்கல்லர். 1983 மே மாதத்திற் பேராதனையிலேயே தமிழ் மாணவர் தாக்கப்பட்டனர். அதே ஆண்டு ஜூலைக்குப்பின் கற்றோர் பலர் கடல் கடந்தனர். எந்த நாட்டிலும் இடம் பெறக்கூடிய தகைமை இருந்தும் அவர் நாட்டிலேயே நின்றார்.

1988 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பொறுப்பை ஏற்றார். முந்திய ஆண்டின் போர் வளாகத்தையும் விட்டுவைக்கவில்லை. வியப்பு என்னவெனில், அப்பல்கலைக்கழகத்தில் அப்போது பொறியியற் பீடமே கிடையாது! உலகறிந்த ஒரு பொறியியலாளர், தம் துறையைக் கற்பிக்க ஒரு வகுப்புமில்லாத இடத்துக்கு விரும்பிச் சென்றார். இதைத் தியாகம் என்பதா, பிடிவாதம் என்பதா? இரண்டுமே பொருந்தும் என்பது என் எண்ணம்.

1990 இல் மீண்டும் போர் மூண்டது. மின்சாரம் நின்றது, எரிபொருள் தடுக்கப்பட்டது. ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் தம் மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களோடு பள்ளிப் பிள்ளைகளும் நூல்களை விட்டுச் சென்றனர். எஞ்சியோர் போத்தல் விளக்கில் படித்தனர். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். பிரயோக விஞ்ஞானத்தை அந்நாட்களில் தெருவே கற்பித்தது. வெளியூர் மாணவர் கிளாலிக் கடலேரியை உயிரைப் பணயம் வைத்துக் கடந்து வந்தனர். இத்தகைய சூழலிலும் விரிவுரைகளும் பரீட்சைகளும் நடந்தன. விவசாய பீடம் 1990 இற் கிளிநொச்சியில் தொடங்கியதும் அவர் காலத்திலேயே.

1994 ஜூன் 11 ஆம் திகதி, அறுபது வயது நிறையுமுன், அவர் காலமானார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் தன் முதல் மாணவரை ஏற்றபோது ஆண்டு 2014.