கப்பலில் போட்ட கணக்கு

உயர்தரத்தில் நான் கணிதப் பிரிவைத் தெரிவு செய்தபோது, பெண் பிள்ளைக்குப் பௌதிகவியல் எதற்கு என்று உறவினர் ஒருவர் வாப்பாவிடம் கேட்டார். வாப்பா பேச்சை மாற்றிவிட்டார். அன்றிரவு உம்மா ஒன்றும் சொல்லாமல் என் மேசையில் தேநீரை வைத்துவிட்டுப் போனார். அதனாலோ என்னவோ, சுப்பிரமணியன் சந்திரசேகரின் வரலாற்றைப் படித்தபோது முதலில் என் மனதில் நின்றவர் அவருடைய தாயார் சீதாலட்சுமிதான்.

பத்துப் பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே, இப்சனின் நாடகமொன்றைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் அவர். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த மகனுக்கு 1930இல் கேம்பிரிட்ஜ் செல்லப் புலமைப்பரிசில் கிடைத்தது. தாயோ கடும் நோயாளி. மகன் தயங்கினார். போயே ஆகவேண்டும் என்று தாய் நின்றார். அடுத்த ஆண்டு அவர் காலமானபோது மகன் கடலுக்கு அப்பால் இருந்தார். இந்த இடத்தை நான் இருமுறை படித்தேன்.

அந்தக் கப்பற் பயணத்தில்தான், 19 வயதில், சந்திரசேகர் அந்தக் கணக்கைப் போட்டார். எரிந்து முடிந்த விண்மீன் சுருங்கி வெண்குறளியாக அடங்கும் என்பது அன்றைய நம்பிக்கை. எல்லா விண்மீனும் அப்படி அடங்காது, சூரியனின் திணிவைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்டால் சுருக்கம் நிற்காது என்று அவருடைய கணக்குக் காட்டியது.

1935 ஜனவரியில் இலண்டன் வானியல் கழகத்தில் இதை விளக்கினார். அடுத்துப் பேச எழுந்தவர் எடிங்டன், அக்காலத்தின் மிகப் பெரிய வானியலாளர். அவர் அதைக் கேலி செய்தார், சபை சிரித்தது. சந்திரசேகருக்கு அப்போது வயது 24. கணக்குச் சரி என்று தனியே சொன்ன அறிஞர்களும் வெளியே வாய்திறக்கவில்லை. எனக்குக் கோபம் எடிங்டனைவிட அவர்கள்மீதுதான். சந்திரசேகரோ சண்டைக்குப் போகவில்லை. அமெரிக்கா சென்றார், எல்லாவற்றையும் 1939இல் நூலாக எழுதினார், வேறு ஆய்வுக்குத் திரும்பினார்.

பதில் வானொலி அலையாக வந்தது. 1054இல் சீனர் பகலிலும் கண்ட வெடிப்பின் மிச்சம், நண்டு நெபுலா. அங்கிருந்து பலமான வானொலி அலைகள் வருவதை 1949இல் அவுஸ்திரேலியாவில் இருந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். வெடித்து 900 ஆண்டு கழிந்தும் அதற்கு யார் சக்தி கொடுக்கிறார்கள்? 1968இல் விடை கிடைத்தது. நெபுலாவின் நடுவே, செக்கனுக்கு 30 தடவை சுழலும் ஒரு பல்சர். சுமார் 20 கிலோமீற்றர் அகலமான நியூத்திரன் விண்மீன் அது. அதிலிருந்து காற்றைப்போல் ஓயாமல் பாயும் இலத்திரன்கள் காந்தப்புலத்தில் வளைந்து சுழலும்போது வானொலி அலைகள் பிறக்கின்றன. காற்று வீசுவதால் பல்சரின் சுழற்சியும் சிறிது சிறிதாகக் குறைகிறது. வெண்குறளியோடு எல்லாம் முடிவதில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? எடிங்டன் 1944இலேயே இறந்துவிட்டார். சந்திரசேகர் 58 வயதில் இதைக் கேட்டார். நோபல் பரிசு 1983இல்தான் வந்தது.

அவர் 1995இல் சிக்காகோவில் காலமானார். நான்கு ஆண்டுகளின் பின் விண்ணுக்குச் சென்ற ஊடுகதிர்த் தொலைகாட்டிக்குச் சந்திரா என்று அவர் பெயரையே வைத்தார்கள். நண்டு நெபுலாவை அது எடுத்த படத்தில், பல்சரைச் சுற்றி அந்தக் காற்று வளையம் வளையமாகத் தெரிகிறது.

அந்தப் படத்தை உம்மாவிடம் காட்டினேன். இது வானத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டார். இஷா தொழுதுவிட்டு முற்றத்துக்கு வந்தோம். எங்கள் பக்கம் தெருவிளக்குக் குறைவு, ஜனவரி வானம் தெளிவாக இருந்தது. அல்தபரான் சிவப்பாகத் தெரிந்தது. அதற்குக் கிழக்கே, காளையின் கொம்பு நுனியருகில், வெறுங்கண்ணுக்குத் தெரியாது என்றேன். உம்மா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.