மறதி நோயின் வேரைத் தேடிய மருத்துவர்



குடுமியான்மலைக்குச் சென்றவர்கள் அங்குள்ள சிகாநாதசுவாமி கோயிலையும், குன்றின் பாறையில் வெட்டப்பட்டுள்ள இசைக் கல்வெட்டையும் கண்டிருப்பீர்கள். 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அறிஞர்கள் கருதும் அக்கல்வெட்டில் சுரங்கள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. வெயிலும் மழையும் பட்டும் அவ்வெழுத்துகள் இன்றும் நிலைத்து நிற்கின்றன.

அந்தக் குன்றின் அடியிலுள்ள ஊரில்தான் என் அப்பத்தா வாழ்ந்தார். கல்லில் எழுத்துகள் நிலைத்திருக்க, அவருடைய நினைவுகளோ ஒவ்வொன்றாக அழிந்து போயின. சாப்பிட்டதை மறந்து மறுபடியும் சோறு கேட்பார். பெற்ற மகனைப் பார்த்தே யாரென்று கேட்பார். அப்போது உங்கள் வயதில் இருந்த நான், கேட்டதையே கேட்கிறாரே என்று அவரிடம் எரிந்து விழுந்ததுண்டு. அது பிடிவாதம் அன்று, மூளையின் நரம்புச் செல்கள் மடிவதால் வரும் நோய் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். அதற்குள் அப்பத்தா கண்மூடிவிட்டார். அந்நோயை நுண்ணோக்கியின் வழியே உலகுக்குக் காட்டிய அலோய்ஸ் அல்சைமரின் வரலாற்றை உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

அல்சைமர் 1864ஆம் ஆண்டு ஜூன் 14ஆம் நாள், ஜெர்மனியின் பவேரியா நாட்டில் மார்க்ட்பிரைட் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை எட்வர்ட், பத்திரங்களுக்குச் சான்றளிக்கும் அரசு அலுவலர். இளமையிலேயே இயற்கை விஞ்ஞானத்தில் ஈடுபாடு கொண்ட அலோய்ஸ், பெர்லின், டூபிங்கன், உர்ஸ்பர்க் ஆகிய நகரங்களில் மருத்துவம் பயின்று, 1887இல் பட்டம் பெற்றார். அவருடைய பட்ட ஆராய்ச்சி எதைப் பற்றியது தெரியுமா? காதில் குறும்பி சுரக்கும் சுரப்பிகளைப் பற்றியது! சிறியது என்று எதையும் தள்ளாத மனம் அன்றே அவருக்கு வாய்த்திருந்தது.

1888இல் பிராங்க்பர்ட் நகரின் மனநோய் மருத்துவமனையில் பணியில் சேர்ந்தார். அக்காலத்தில் மனநோயாளிகளைக் கட்டிவைப்பதும் அடைத்துவைப்பதும் பல இடங்களில் வழக்கமாயிருந்தது. மருத்துவமனைத் தலைவர் எமில் சியோலியும் அல்சைமரும் அவ்வழக்கத்தைக் கைவிட்டு, நோயாளிகளை அன்போடு நடத்தினர். விரைவில் அங்கு வந்து சேர்ந்த பிரான்ஸ் நிசில் என்பவர், நரம்புச் செல்களுக்குச் சாயமேற்றிப் பார்க்கும் முறையைக் கண்டவர். இருவரும் உற்ற நண்பர்களாயினர். பகலில் நோயாளிகளைக் கவனிப்பதும், இரவில் நுண்ணோக்கியில் மூளைத் திசுக்களை ஆராய்வதும் அவர்கள் வழக்கமாயிற்று.

1894இல் சிசிலி என்னும் விதவைப் பெண்ணை அல்சைமர் மணந்தார். மூன்று குழந்தைகள் பிறந்தனர். ஆனால் 1901ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சிசிலி நோயுற்று இறந்தார். திருமணமாகாத சகோதரி எலிசபெத் வந்து குழந்தைகளைப் பேணினார். அல்சைமர் தம் துயரை மறக்க வேலையிலேயே மூழ்கினார்.

அதே ஆண்டு நவம்பர் 25ஆம் நாள், 51 வயதான ஆகஸ்டே டீட்டர் என்ற பெண்மணி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் கணவர் ரயில்வே எழுத்தர். அல்சைமர் அவரருகே அமர்ந்து பொறுமையாகக் கேள்விகள் கேட்டு, விடைகளை ஒன்றுவிடாமல் எழுதிக்கொண்டார். கணவரின் பெயரைக் கேட்டால் அப்பெண்மணி தம் பெயரையே சொன்னார். தட்டில் பன்றி இறைச்சியும் காலிபிளவரும் இருக்க, தாம் உண்பது கீரை என்றார். பேனாவையும் சாவியையும் காட்டினால் சரியாகப் பெயர் சொன்னவர், சற்று நேரத்தில் அவற்றைக் கண்டதையே மறந்தார். முதுமையில் மறதி வருவது புதிதன்று. ஆனால் 51 வயதில் இப்படி ஏன்? இக்கேள்வி அல்சைமரை விடவில்லை.

பின்னர் அவர் மியூனிக் நகருக்கு மாறினார். அங்கே முதலில் ஊதியமின்றியே ஆராய்ச்சி செய்தார். மாணவர்களுக்கு நுண்ணோக்கியில் பார்க்கக் கற்றுத் தரும்போது, புகைத்துக்கொண்டிருந்த சுருட்டை மேசையில் வைத்துவிட்டு மறந்துபோவாராம். மாலையில் ஒவ்வொரு மாணவர் மேசையிலும் ஒரு துண்டுச் சுருட்டு கிடக்குமாம்! ஆனால் ஆகஸ்டேயை மட்டும் அவர் மறக்கவில்லை. 1906 ஏப்ரல் 8ஆம் நாள் அப்பெண்மணி இறந்தபோது, நோய்க் குறிப்புகளையும் மூளையையும் கேட்டுப் பெற்றார்.

வெள்ளியைக் கொண்டு சாயமேற்றி அவர் பார்த்தபோது, மூளையின் மேற்புறத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை நரம்புச் செல்களுக்குள் இழைகள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. பல செல்கள் முற்றிலும் அழிந்து, அந்தச் சிக்கு மட்டுமே எஞ்சியிருந்தது. செல்களுக்கு வெளியே ஒருவகைப் படிவுகள் திட்டுத் திட்டாகக் காணப்பட்டன. 1906 நவம்பர் 3ஆம் நாள் டூபிங்கன் நகரில் கூடிய மருத்துவர் சபையில் இதை விளக்கினார். ஒருவரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. அவர் மனம் தளராது ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1910இல் பேராசிரியர் கிரேப்ளின் தம் பாடநூலில் அந்நோய்க்கு அல்சைமர் நோய் என்று பெயரிட்டார்.

1912இல் பிரெஸ்லா பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பொறுப்பேற்கச் செல்லும் வழியில் அல்சைமர் நோயுற்றார். அதிலிருந்து முழுதும் மீளாமலே, 1915 டிசம்பர் 19ஆம் நாள் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 51. ஆகஸ்டே மருத்துவமனைக்கு வந்ததும் அதே வயதில்தான். பிராங்க்பர்ட்டில் மனைவியின் கல்லறை அருகே அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

செல்கள் மடிந்ததை அல்சைமர் கண்டார். மடியும்போது அவற்றினுள் என்ன நடக்கிறது என்பதைக் காண அவர் காலத்தில் வழியில்லை. அதற்கு ஜீன்களைப் பற்றிய அறிவு வேண்டியிருந்தது.

மாணவிகளே, நம் உடலில் ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருப்பது ஒரே ஜீன் தொகுதிதான். குடுமியான்மலைக் கல்வெட்டைப் போல எழுத்துகள் மாறுவதில்லை. எந்த வரியைப் பாடுவது, எதைப் பாடாமல் விடுவது என்பதில்தான் வேறுபாடு. தோல் செல் சில வரிகளைப் பாடுகிறது. நரம்புச் செல் வேறு சில வரிகளைப் பாடுகிறது. ஒரு ஜீன் செயல்படும்போது அதன் நகலாக ஆர்.என்.ஏ. உண்டாகிறது. அந்நகல்களை எண்ணினால், எந்த ஜீன் விழித்திருக்கிறது, எது அடங்கிவிட்டது என்று அறியலாம்.

இந்த ஆராய்ச்சிக்குக் கை கொடுத்தவர்கள் யார் என்பதை அறிந்தால் நம் பள்ளி அருட்சகோதரிகள் மகிழ்வார்கள். 1994இல் அமெரிக்காவின் சிகாகோ நகரிலுள்ள ரஷ் மருத்துவ மையத்தார் ஓர் ஆய்வைத் தொடங்கினர். அதில் கத்தோலிக்கக் கன்னியரும் குருக்களும் துறவறச் சகோதரர்களும் சேர்ந்தனர். ஆண்டுதோறும் நினைவாற்றல் சோதனைக்கு உட்பட்டு, இறந்தபின் தம் மூளையை ஆராய்ச்சிக்குக் கொடுக்க மனமுவந்து இசைந்தனர். 1997இல் பொதுமக்களான முதியோரைக் கொண்டு இதேபோன்ற மற்றோர் ஆய்வும் தொடங்கியது.

இவ்விரு ஆய்வுகளிலும் சேர்ந்திருந்தவர்களில் 48 பேரின் மூளைகளை மசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்து விஞ்ஞானிகள் ஆராய்ந்து, 2019இல் முடிவுகளை வெளியிட்டனர். அவர்களில் பாதிப்பேர் மூளையில் அல்சைமர் கண்ட அடையாளங்கள் இருந்தன. மற்றவர்களிடம் அவை இல்லை, அல்லது மிகக் குறைவு. நெற்றிப்புற மூளையிலிருந்து 80,000க்கும் மேற்பட்ட செல்களின் உட்கருக்களைத் தனித்தனியே பிரித்து ஆர்.என்.ஏ.யைப் படித்தார்கள். நோயுற்ற மூளையின் நரம்புச் செல்களில், மாற்றமடைந்த ஜீன்களில் பெரும்பாலானவை தம் செயலைக் குறைத்துக்கொண்டிருந்தன. அவற்றைச் சூழ்ந்து காக்கும் பிற செல்கள் சிலவற்றிலோ ஜீன்களின் செயல் மிகுந்திருந்தது. நோய் முற்றிய நிலையில், சிதைந்த புரதங்களைச் சீர்செய்யும் ஜீன்கள் பலவகைச் செல்களிலும் ஒருங்கே எழுந்திருந்தன. வீடு பற்றியெரியும்போது தெருவே திரண்டு தண்ணீர் சுமப்பது போன்றது அது. பெண்களின் செல்களும் ஆண்களின் செல்களும் இந்நோய்க்கு ஒரே வகையில் ஈடுகொடுக்கவில்லை என்பதும் தெரியவந்தது.

இம்மாற்றங்களில் எது செல்லைக் கொல்கிறது, எது அதைக் காப்பாற்றப் பாடுபடுகிறது என்று பிரித்தறிவதே இன்றைய விஞ்ஞானிகளின் வேலை. நோயை முற்றிலும் குணமாக்கும் மருந்து இன்னும் கிட்டவில்லை. நம் நாட்டில் 60 வயதைக் கடந்தவர்களில் 100க்கு ஏழு பேருக்கு மேல், அதாவது சுமார் 88 லட்சம் பேர், நினைவிழப்பு நோய்களால் துன்புறுவதாக 2023இல் வெளியான கணக்கொன்று கூறுகிறது. இவர்களில் பலருக்கு இருப்பது அல்சைமர் நோயே. அந்த மருந்தைத் தேடும் கூட்டத்தில் உங்களில் ஒருத்தி நாளை இருக்கலாம்.

ஆனால் மருந்து வரும்வரை காத்திராமல் இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அல்சைமர் தம் நோயாளியின் அருகில் அமர்ந்து பொறுமையாகக் கேட்டார். உங்கள் வீட்டுப் பாட்டி பத்தாம் முறை உங்கள் பெயரைக் கேட்டால், முதல் முறை சொல்வது போலச் சொல்லுங்கள். என் அப்பத்தாவுக்கு நான் அதைச் செய்யவில்லை. நீங்கள் செய்யுங்கள்.