கழனியிலிருந்து கோட்டைக்கு

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினராகிய நாம், ஆண்டு விழா எடுக்கும் இவ்வேளையில் சான்றோர் ஒருவரை நினைவு கூர்தல் சாலப் பொருத்தமாகும். சித்தூர் ஜில்லா சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்த நாளில், அம்மாகாணத்தின் ஆட்சிப் பொறுப்பை ஏற்ற உழவர் பெருமகனார் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரே அவர்.

திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில், 1895ஆம் ஆண்டு வேளாண் குடியில் அவர் தோன்றினார். ரெட்டியார் சமூகத்தார் முன்னாளில் தெலுங்கு நாட்டினின்று தமிழகம் புகுந்து நிலைபெற்றவர்கள். தமிழகத்தினின்று இங்கு வந்து நிலைபெற்ற நமக்கு இச்செய்தி தனி உவகை அளிப்பதாகும். நிலமும் நீரும் பருவமுமே அவர் கற்ற பெருங்கல்வி. காந்தியடிகளின் வழி நின்று காங்கிரசில் சேர்ந்து, கதருடுத்து, சிறையும் புகுந்தார்.

1947 மார்ச்சில் ஆந்திர கேசரி பிரகாசம் அவர்களின் மந்திரிசபை கட்சியின் ஆதரவை இழந்தது. அப்போது காமராஜர் முதலியோர் ஓமந்தூராரையே நாடினர். அவர் பதவியைத் தேடிச் சென்றாரல்லர்; பதவியே அவரைத் தேடி வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டு 15ஆம் நாள் சுதந்திரக் கொடி ஏறியபோது, கோட்டையில் பிரதம மந்திரியாக வீற்றிருந்தவர் ஒரு விவசாயி.

அவர் ஆட்சி ஈராண்டே நடைபெற்றது. ஆயினும் அதன் பயன் பெரிது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம், தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மாகாணமெங்கும் கோயிற் கதவுகளைத் திறந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நெடுங்காலம் போராடிய தேவதாசி ஒழிப்பும் அவ்வாண்டே சட்டமாயிற்று. 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. உழுபவனுக்கும் சர்க்காருக்கும் இடையே நின்று வரி தண்டிய ஜமீன்தாருக்கு நஷ்டஈடு தந்து விலக்கி, குடியானவன் நேரே சர்க்காருக்குத் தீர்வை செலுத்தும் ரயத்துவாரி முறையை அது வகுத்தது. காளஹஸ்தி, கார்வேட்டிநகரம், புங்கனூர் என ஜமீன்கள் பல கண்ட அன்றைய சித்தூர் ஜில்லாவில் இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை. 1949இல் பாரதியாரின் பாடல்களை நாட்டின் பொதுவுடைமை ஆக்கியதும் அவ்வரசே.

குறையே காணாத ஆட்சி என்று நாம் கூறவில்லை. 1948இல் பள்ளிகளில் ஹிந்தியைக் கட்டாயமாக்கியதற்குத் தமிழகத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஆனால், அவர் நேர்மையில் ஐயம் கொண்டார் இலர். வேண்டியவர்க்குச் சலுகை, சிபாரிசுக்கு உத்தியோகம் என்பன அவரிடம் செல்லவில்லை. அந்தக் கண்டிப்பே சொந்தக் கட்சியினர் பலரை அவருக்குப் பகையாக்கியது. 1949 ஏப்ரலில் அவர் பதவி விலகினார்; குமாரசாமி ராஜா அப்பொறுப்பை ஏற்றார்.

பதவி போனபின் பலர் வாடுவர். ஓமந்தூராரோ வள்ளலார் வாழ்ந்த வடலூரை அடைந்து, சுத்த சன்மார்க்க நிலையம் கண்டு, ஆதரவற்ற சிறார்க்கு உணவும் கல்வியும் வழங்கும் பணியில் எஞ்சிய நாளைக் கழித்தார். 1970இல் அவர் மறைந்தார். சென்னை அண்ணா சாலையில் உள்ள அரசினர் தோட்டம் இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தது; எல்லைகள் மாறின. ஆயினும் அவர் திறந்த கோயிற் கதவும், உழவர்க்கு அளித்த உரிமையும் எல்லைக்கு இருபுறமும் நிலைத்தன. வந்து குடியேறிய மண்ணுக்கு உண்மையாய் உழைத்தால், அம்மண் நம்மைத் தன் மக்களாகவே ஏற்கும். தெலுங்கு நாட்டினின்று வந்த குடியிற் பிறந்து, தமிழ் மக்கள் போற்றும் தலைவரான அவர் வாழ்வு நமக்குக் காட்டும் நெறி இதுவே. நம் இளைஞர்கள் இதனை நெஞ்சிற் கொள்வார்களாக!