அந்த மூன்று நாள் கட்டுக்கதையை அளந்தே உடைத்த லெட்டா!

ஆபீஸில் ஒரு பெண் கொஞ்சம் குரலை உயர்த்திப் பேசினால் போதும். பீரியட்ஸ் போல என்று யாராவது முணுமுணுப்பதை நீங்களும் கேட்டிருப்பீங்க. அந்த நாள்களில் பெண்களுக்கு மூளை சரியாக ஓடாதா, கை தடுமாறுமா? இந்தக் கேள்விக்கு 1914-லேயே ஒரு பெண் அளந்து பார்த்துப் பதில் சொல்லிவிட்டார். அவர் பெயர் லெட்டா ஹாலிங்வொர்த்.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1886-ல் பிறந்தவர். பிரசவத்தில் அம்மா இறந்தபோது லெட்டாவுக்கு மூன்று வயதுதான். கொஞ்ச காலம் தாத்தா, பாட்டி வளர்த்தார்கள். நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் 1906-ல் பட்டம் வாங்கி, டீச்சர் வேலைக்குப் போனார். 1908-ல் காலேஜ் காதலர் ஹாரியைக் கல்யாணம் செய்துகொள்ள நியூயார்க் வந்தார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

கல்யாணமான பெண்கள் டீச்சராக இருக்கக் கூடாது என்பது அப்போது நியூயார்க் பள்ளிகளின் விதி. கையில் டிகிரி, அனுபவம் எல்லாம் இருந்தும், தாலி கட்டிய குற்றத்துக்குத் தண்டனை மாதிரி லெட்டா வீட்டில் உட்கார வேண்டியதாயிற்று. சமையல், துணி தைப்பது, நடுவில் சிறுகதை எழுதி அனுப்புவது. கதைகளை யாரும் வாங்கவில்லை. மேலே படிக்கலாம் என்றால் காசு இல்லை.

அந்தக் காசு எங்கிருந்து வந்தது தெரியுமா? கோகோ கோலாவிலிருந்து! அதில் இருக்கும் கஃபைன் உடம்புக்குக் கெடுதல் என்று அமெரிக்க அரசு வழக்குப் போட்டிருந்தது. கஃபைன் மனிதர்களை என்ன செய்கிறது என்று சோதித்துச் சொல்லும் வேலையை 1911-ல் அந்த நிறுவனம் ஹாரியிடம் கொடுத்தது. சோதனைகளை நடத்த உதவியவர் லெட்டா. அதில் வந்த பணத்தில்தான் அவர் கொலம்பியாவில் மேற்படிப்பு படித்தார்.

இப்போது மெயின் கதைக்கு வருவோம். படித்தால் பெண்ணின் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று எட்வர்ட் கிளார்க் என்ற ஹார்வர்டு டாக்டர் 1873-ல் புத்தகமே போட்டிருந்தார். மாதவிடாய் நாள்களில் பெண்கள் பாதி நோயாளிகள் என்பதை டாக்டர்களே நம்பிய காலம். ஆனால், அதை முறையாகச் சோதித்துப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

லெட்டா சோதித்தார். 23 பெண்கள், ஒப்பிட்டுப் பார்க்க 2 ஆண்கள். ஒரு சின்னத் துளைக்குள் கம்பியை விளிம்பில் படாமல் ஆடாமல் பிடிக்க வேண்டும், வேகமாகத் தட்ட வேண்டும், நிறங்களின் பெயரைக் கடகடவென்று சொல்ல வேண்டும். சிலரை மாதக்கணக்கில் தினமும் சோதித்தார். ரிசல்ட்? மாதவிடாய் நாள்களில் கையின் உறுதியும் குறையவில்லை, மூளையின் வேகமும் குறையவில்லை.

அடுத்து இன்னொரு நம்பிக்கையைக் கையில் எடுத்தார். மேதைகளும் ஆண்களில்தான் அதிகம், அறிவுக் குறைபாடு உள்ளவர்களும் ஆண்களில்தான் அதிகம், பெண்கள் எல்லாரும் நடுவில் ஒரே மாதிரி இருப்பவர்கள் என்றார்கள் அறிஞர்கள். லெட்டாவின் கைடு எட்வர்ட் தார்ன்டைக்கே இதை நம்பியவர்தான். யோசிச்சுப் பாருங்க, உங்க தீசிஸில் கையெழுத்துப் போட வேண்டியவரின் கருத்தையே கேள்வி கேட்கிற தைரியம் எத்தனை பேருக்கு வரும்?

ஹெலன் மான்டேகுவோடு சேர்ந்து, பிறந்த குழந்தைகளின் அளவுகளை ஆராய்ந்தார். 1,000 ஆண், 1,000 பெண். ஆண் குழந்தைகள் சராசரியில் கொஞ்சம் பெரியவர்கள், அவ்வளவுதான். குழந்தைக்குக் குழந்தை மாறுபடுவதில் ஆண்கள் ஒன்றும் முந்தவில்லை. அறிவுக் குறைபாட்டுக்கான மையத்தில் சிறுவர்கள் அதிகமாகப் பதிவானதற்கும் காரணம் கண்டுபிடித்தார். பையன் வெளியே வேலைக்குப் போனதும் குறை தெரிந்துவிடுகிறது. பெண்ணோ வீட்டிலேயே பாத்திரம் தேய்த்துக்கொண்டு யார் கண்ணிலும் படாமல் இருந்துவிடுகிறாள். மேதையான பெண்ணுக்கும் அதே கதிதானே?

1916-ல் டாக்டர் பட்டம் வந்தது. தார்ன்டைக் பணியாற்றிய அதே டீச்சர்ஸ் காலேஜில் ஆசிரியர் வேலையும் கிடைத்தது. பெண்களைப் பிள்ளை பெறவைக்கச் சமூகம் எப்படியெல்லாம் அழுத்தம் கொடுக்கிறது என்று அதே வருடம் ஒரு கட்டுரை எழுதினார். பிறகு அதிபுத்திசாலிக் குழந்தைகள் பக்கம் அவர் ஆய்வு திரும்பியது. அறிவு பெரும்பாலும் பரம்பரையில் வருவது என்று அவர் நம்பியது இன்றைக்கு விமர்சிக்கப்படுகிறது. மற்றவர்கள் நம்பிக்கையை உரசிப் பார்த்தவருக்கும் சொந்த நம்பிக்கைகள் இருந்தன. 1939-ல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனபோது வயது 53.

1974-ல் சான்ட்ரா பெம், 60 குணங்களின் பட்டியலை வைத்து ஆண்தன்மை, பெண்தன்மை இரண்டையும் தனித்தனியாக அளந்தார். ஒரே மனிதரிடம் இரண்டுமே நிறைய இருக்கலாம் என்று காட்டினார். ஆண், பெண் பற்றிய நம்பிக்கைகளை அப்படியே விழுங்காமல் அளந்து பார்க்கும் அந்தப் பழக்கத்தை, 60 வருடம் முன்பே ஆரம்பித்தவர்களில் ஒருவர் லெட்டா.

பீரியட்ஸ் வலி நிஜம். வலிக்கிற நாளில் ஓய்வு எடுத்துக்கோங்க, அதில் கூச்சமே வேண்டாம். ஆனால், அந்த நாளில் உங்களுக்கு யோசிக்க வராது என்று யாராவது சொன்னால் கோபப்படாதீங்க. அளந்து பார்த்தீங்களா என்று மட்டும் கேளுங்க. லெட்டா கேட்டதும் அதைத்தான்.