டி.வி-யில் கல்விக்குத் துண்டு போட்டு இடம் பிடித்தவர்... யார் இந்த ஃப்ரீடா ஹென்னாக்?

அமெரிக்காவின் பஃபலோ நகரத்தில் ஒரு பொது டி.வி ஸ்டேஷன் இருக்கு. நயாகரா ஆற்றைத் தாண்டினால் கனடா. ஏரிக்கு அந்தப் பக்கம், நம்ம ஆட்கள் ஏராளமாக வாழும் டொரன்டோ. டி.வி அலைக்கு பாஸ்போர்ட், விசா எல்லாம் கிடையாதே! பஃபலோவில் கிளம்பிய நிகழ்ச்சிகளை டொரன்டோக்காரர்களும் பார்த்தார்கள். பிடித்துப்போய் நன்கொடையும் அனுப்ப ஆரம்பித்தார்கள். வியாபார விளம்பரத்தை நம்பாத ஒரு சின்ன ஸ்டேஷனுக்கு அந்தக் காசுதான் பெரிய பலம். அதை நடத்துற நிறுவனத்தின் பெயரே இப்போ 'பஃபலோ டொரன்டோ பப்ளிக் மீடியா'.

இப்படி ஒரு ஸ்டேஷன் முளைக்க இடம் வேணும் இல்லையா? அந்த இடத்துக்காகச் சண்டை போட்டவர் ஃப்ரீடா ஹென்னாக்.

1904-ல் கோவெல் என்ற ஊரில், யூதக் குடும்பத்தில், எட்டுப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார். அப்போ அந்த ஊர் ரஷ்யப் பேரரசில் இருந்தது, பிறகு போலந்து, இன்னிக்கு உக்ரைன். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லைக்கோடு மட்டும் அங்கேயும் இங்கேயும் ஓடியிருக்கு! 1910-ல் குடும்பம் நியூயார்க் வந்து சேர்ந்தது. மகள் இசையில் பெரிய ஆளாகணும்னு அப்பாவுக்கு ஆசை. மகளோ பகலில் வக்கீல் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்பில் சட்டம் படித்தார். படிப்பை முடித்தபோது வயசு 19. 21 ஆகாமல் வக்கீலாகப் பதிவு செய்ய முடியாது. பாஸ் பண்ணிட்டு வயசுக்காகக் காத்திருந்தார்.

1948-ல் அதிபர் ட்ரூமன் அவரை எஃப்.சி.சி-க்கு நியமித்தார். ரேடியோ, டி.வி-க்கு லைசென்ஸ் கொடுக்கும் அமைப்பு அது. ஏழு பேர் கொண்ட அந்த ஆணையத்தில் உட்கார்ந்த முதல் பெண் இவர்தான். ஒலிபரப்புத் தொழில்நுட்பத்தில் அனுபவமே கிடையாது, அதை அவர் மறைக்கவும் இல்லை. என்னைக் கேட்டால், அதுவே அவருக்கு நல்லதாப் போச்சு. இந்தத் தொழிலில் இப்படித்தான் நடக்கும்னு யாரும் அவருக்குச் சொல்லி வைக்கலையே!

அவர் வந்த சில மாதங்களிலேயே, சேனல்கள் ஒன்றோடொன்று மோதுதுன்னு புது லைசென்ஸ் கொடுப்பதையே நிறுத்தி வைத்தார்கள். ஆறு மாசத்துல முடியும்னு நினைத்த வேலை 1952 வரை இழுத்தது. எந்த ஊருக்கு எந்த சேனல் என்று நாடு முழுக்கப் புது அட்டவணை போடணும். எல்லையோர ஊர் என்றால் கனடாவோடும் மெக்சிகோவோடும் பேசணும். 1949-ல் வந்த முதல் திட்டத்தில் கல்விக்கு ஒரு சேனல்கூட இல்லை. ஹென்னாக் மட்டும் எதிர்த்து எழுதினார்.

அவரோட கணக்கு ரொம்ப சிம்பிள். கம்பெனிகளிடம் பணம் ரெடியா இருக்கு, இன்னிக்கே சேனலை வாங்கிடும். பல்கலைக்கழகங்களும் பள்ளிகளும் பணம் திரட்ட வருஷக்கணக்காகும். அதுக்குள்ள எல்லாம் வித்துப்போயிருந்தா? கூட்டமான பஸ்ஸில் ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட் பிடிப்போமே... அதேதான். ஆள் அப்புறம் ஏறிக்கலாம்.

கடிதம், ரேடியோ பேச்சு, மீட்டிங் என்று ஊர் ஊராகக் கல்வியாளர்களைக் கிளப்பிவிட்டார். 1951 ஜனவரியில் அவர்கள் நியூயார்க்கின் 7 ஸ்டேஷன்களையும் ஒரு வாரம் முழுக்கப் பார்த்து, எது எவ்வளவு நேரம் ஓடுதுன்னு கணக்கெடுத்தார்கள். விளம்பரமும் க்ரைம் கதைகளும் கொட்டிக் கிடந்தன. கல்வியைத்தான் தேட வேண்டியிருந்தது. விசாரணையில் அந்த லிஸ்ட் நல்லா வேலை செய்தது.

அவர் கேட்டது நாலில் ஒரு பங்கு. 1952 ஏப்ரலில் கிடைத்தது சுமார் 2,000-ல் 242. அதிலும் 162, யு.எச்.எஃப் சேனல்கள். அன்றைய டி.வி பெட்டிகளில் பெரும்பாலானவை தனிக் கருவி மாட்டாமல் அதைப் பிடிக்காது. போட்ட துண்டுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கடைசி சீட்டுதான். சேனலை நடத்தப் பணம்? அதுக்கு அந்த உத்தரவில் வழியே இல்லை. அந்தக் குறை இன்னிக்கு வரை துரத்துது. 2025-ல் பொது ஒலிபரப்புக்கான சுமார் 110 கோடி டாலர் மத்திய நிதியை அமெரிக்க நாடாளுமன்றம் ரத்து செய்தபோது, சின்ன ஸ்டேஷன்கள்தான் அதிகம் ஆடிப்போயின.

ஆனாலும் 1953-ல் ஹூஸ்டனில் முதல் கல்வி ஸ்டேஷன் ஆரம்பமானது. தொடக்க விழாவில் ஹென்னாக்கும் இருந்தார்.

அவருக்கு அது சுகமான காலமில்லை. 1951-ல் ட்ரூமன் அவரை ஃபெடரல் நீதிபதியாக்கப் பார்த்தார். வக்கீல் சங்கங்கள் எதிர்த்தன, பதவி கைக்கு வரலை. பெரிய நெட்வொர்க்குகள் கொழுப்பதை விடாமல் எதிர்த்துக்கொண்டே இருந்தவருக்கு, 1955-ல் பதவிக்காலம் முடிந்ததும் ஐசன்ஹோவர் அரசு மறுவாய்ப்பு தரலை. திரும்ப வக்கீல் தொழில், 1956-ல் கல்யாணம்.

இந்த நேரத்தில்தான் பஃபலோவில் ஒரு வேடிக்கை. என்.பி.சி என்ற பெரிய நெட்வொர்க் அங்கே 17-ம் எண் யு.எச்.எஃப் சேனலை நடத்திப் பார்த்தது. கட்டுப்படியாகலை. 1958-ல் மூடிவிட்டு, சேனலைக் கல்விக்கே கொடுத்துவிட்டுப் போனது. 1959 மார்ச்சில் அதே 17-ல் பஃபலோவின் பொது டி.வி பேச ஆரம்பித்தது. நியூயார்க் நகரத்துக்கே 1962-ல்தான் அப்படி ஒரு சேனல் கிடைத்தது.

ஹென்னாக் அதைப் பார்க்க இல்லை. 1960 ஜூனில், மூளைக்கட்டியால் 55 வயதில் இறந்துபோனார். பஃபலோ ஸ்டேஷனுக்கு அப்போ வயசு ஒண்ணேகால்.