கரும்புக்கு வாழ்வளித்த பெருந்தகை சர் டி. எஸ். வேங்கடராமன்

பிழைப்பை நாடித் தமிழகம் விட்டுத் திருமுல்கேரியில் குடியேறி வாழும் நாம், நம் இனத்துப் பெரியோரை ஆண்டு விழாவிலேனும் நினைத்தல் கடமையாகும். பொங்கல் நாளில் கரும்பைச் சுவைக்கும் நம்மில் எத்தனை பேர் அக்கரும்புக்குப் புதுவாழ்வு அளித்த தமிழ்ப் பெருமகனாரை அறிவோம்?

திருவாடி சாம்பசிவ ஐயர் வேங்கடராமன் 1884ஆம் ஆண்டு சூன் 15ஆம் நாள் பிறந்தார். 1912இல் கோயமுத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் தோன்றியபோது, அதன் முதல் தலைவரான பார்பர் துரைக்குத் துணையாகப் பணியேற்றார். அந்நாளில் வட இந்தியக் கரும்பு மெலிந்து விளைச்சல் குன்றியிருந்தது. சர்க்கரைக்கு நாம் சாவகத் தீவை எதிர்நோக்கி நின்றோம். தெற்கின் பருத்த கரும்போ வடபுலத்துக் குளிரையும் வெள்ளத்தையும் தாங்காது. எனவே, இனிமை மிகுந்த வெள்ளைக் கரும்பையும், ஆற்றங்கரையில் தானே முளைக்கும் நாணலினத்துப் புல்லையும் கலந்தனர். அவ்வாறு பிறந்ததே கோ 205. கோயமுத்தூரின் பெயரே அதன் முன்னெழுத்தாயிற்று.

எனினும், நாற்றங்காலில் செழித்தது உழவன் வயலிலும் செழிக்கும் என்பதற்கு உறுதி என்ன? கோவையின் வெயிலில் வளர்ந்த பயிர் பஞ்சாபின் உறைபனியில் என்னாகும் என்பதைக் கோவையில் இருந்துகொண்டு கூற இயலாது. உழவனுக்கோ ஓராண்டுக் கரும்பு பொய்த்தால் கடனே மிஞ்சும். ஆதலால், ஆயிரக்கணக்கான நாற்றுகளுள் தேர்ந்த சிலவற்றின் கரணைகளே வடக்கே அனுப்பப்பட்டன. ஆங்காங்கே உள்ளூர்க் கரும்புக்கு அருகில் நட்டு, எடை, சாற்றின் இனிமை, மறுதாம்பின் வலிமை, நோய் தாங்கும் திறன் ஆகியவற்றை ஒப்பிட்டனர். அத்தேர்வில் வென்ற கோ 205, 1918இல் பஞ்சாபுக்கு வழங்கப்பட்டது. உள்ளூர்க் கரும்பினும் சுமார் 50 விழுக்காடு மிகுதியாக விளைந்தது.

பார்பருக்குப் பின் நிலையத்தின் பொறுப்பை ஏற்ற வேங்கடராமன், 1942இல் ஓய்வு பெறும்வரை அப்பணியைத் தளராது நடத்தினார். 1932இல் சர்க்கரைத் தொழிலுக்குக் காப்புச் சட்டம் வந்தது. சுமார் 30ஆக இருந்த ஆலைகள் சில ஆண்டுகளில் 130க்கு மேற்பட்டன. அவற்றுக்கு வேண்டிய கரும்பைத் தந்தவை கோவை வகைகளே. கோ 281, கோ 290 ஆகியவை கடல் கடந்தும் பயிராயின. கோ 419 தக்காணத்து வயல்களில் நெடுங்காலம் கோலோச்சியது.

ஆயினும் வென்ற பயிரும் என்றும் வென்றதாகாது. பீகாரில் புகழ்பெற்ற கோ 213, 1930களின் இறுதியில் செவ்வழுகல் நோய்க்கு இரையாகி, உழவரும் ஆலைகளும் ஒருங்கே துன்புற்றனர். வழங்கிய பின்னும் வயலைக் கண்காணித்தல் வேண்டும், மாற்று வகையைத் தேர்ந்து ஆயத்தமாக வைத்தல் வேண்டும் என்பது அந்நாட்டு உழவர் இழப்பினால் கிடைத்த பாடம்.

நம் ஐதராபாத்துக்கும் அவருக்கும் ஓர் உறவுண்டு. 1937இல் இந்நகரில் கூடிய இந்திய அறிவியல் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். தலைமையுரைக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் இந்தியக் கிராமம். ஆய்வின் பயன் சிற்றூரைச் சேர வேண்டும் என்னும் கருத்து அவர் உள்ளத்தில் வேரூன்றியிருந்தமைக்கு இதுவே சான்று. 1965 முதல் இந்நகரின் இராசேந்திரநகரிலிருந்து நடத்தப்பெறும் அகில இந்திய நெல் ஆய்வுத் திட்டமும், புதிய வகைகளைப் பல மாநிலங்களில் விளைத்துப் பார்த்த பின்னரே வெளியிடும் அந்நெறியையே போற்றுகிறது.

சர் பட்டமும், 1956இல் பத்மபூசண் விருதும் பெற்ற அப்பெரியார், 1963 சனவரி 18இல் மறைந்தார். பிறந்த மண்ணின் அறிவைப் பிற நாட்டு மண்ணுக்கும் பயன்படச் செய்தல் எவ்வாறு என்பதை அவர் வாழ்வு நமக்குக் காட்டுகிறது. வேற்றூரில் வாழும் நாமும், வந்த மண்ணின் இயல்பறிந்து, அதற்குப் பயன்பட வாழ்வோமாக!