கல்லைப் பேச வைத்த விஞ்ஞானி

மதுரையை அடுத்த விளாங்குடியில், திண்டுக்கல் சாலையோரம் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்களைப் பாருங்கள். பலருடைய காதில் ஹெட்போன் இருக்கும். ஒருவர் பாட்டுக் கேட்பார். ஒருவர் பாடம் கேட்பார். பஸ் வந்ததும் அதைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

ஆனால் ஹெட்போனைப் பொக்கிஷம்போல் காப்பாற்றுகிறவர்களும் உலகில் இருக்கிறார்கள். பழைய ஹெட்போன்களைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து வைத்துக்கொள்வதே அவர்களுக்குப் பொழுதுபோக்கு. அதிலும் 1960-ல் ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டு வந்த நிலை மின்சார ஹெட்போன் என்றால் அவர்களுக்கு உயிர். சாதாரண ஹெட்போனில் உள்ள காந்தமும் கம்பிச் சுருளும் அதில் கிடையாது. துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே, தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம் மட்டும் உண்டு. அதில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்சாரத்தை ஏற்றி வைப்பார்கள். தகடுகள் மாறி மாறி இழுக்கும்போது படலம் அதிரும், இசை பிறக்கும். கொஞ்சம் தூசியோ ஈரமோ புகுந்தால் போதும், கரகரவென்று தகராறு செய்யும். பச்சைக் குழந்தையைப்போல் அதைப் பாதுகாக்க வேண்டும்.

இந்தப் பிரியர்களிடம் அதைவிடப் பழைய சரக்கும் ஒன்று உண்டு. அதுதான் கல் ரேடியோவும் அதன் காதுக்குழலும். மின்சாரமோ பாட்டரியோ இல்லாமல் பாடும் ரேடியோ அது! அந்தக் கல்லை வைத்து மின் அலையைப் பிடிக்கும் கருவிக்குப் பேடண்ட் உரிமை பெற்றவர் வெள்ளைக்காரர் அல்ல, ஓர் இந்தியர். அவர்தான் சர் ஜகதீச சந்திர போஸ்.

மீனவர் மகனுடன் படித்தவர்

1858 நவம்பர் 30-ல் வங்காளத்தில் பிறந்தார் போஸ். தந்தை பகவான் சந்திர போஸ் டெபுடி மாஜிஸ்டிரேட். அந்தப் பதவியில் இருந்தவர்கள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலம் அது. தந்தையோ மகனை வங்காளிப் பள்ளியில் சேர்த்தார். ஒரு மீனவரின் மகனும், வீட்டு ஊழியரின் மகனும் பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். அவர்கள் சொன்ன மீன் கதைகளும் பறவைக் கதைகளும் சிறுவனின் மனதில் இயற்கையின்மேல் ஆசையை விதைத்தன.

கல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்த பின், 1880-ல் வைத்தியம் படிக்க இங்கிலாந்து போனார். உடல்நிலை இடங்கொடுக்கவில்லை. வைத்தியத்தை விட்டுக் கேம்பிரிட்ஜில் விஞ்ஞானம் படித்தார். புகழ்பெற்ற ராலே பிரபு அவருக்கு ஆசிரியர்.

மூன்று வருஷம் சம்பளமில்லை

1885-ல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் வெள்ளைக்காரருக்கு ஒரு சம்பளம், இந்தியருக்கு ஒரு சம்பளம் என்பது அன்றைய வழக்கம். இந்தியர் பெற்றது மூன்றில் இரண்டு பங்கு. வேலை தற்காலிகம் என்பதால் போஸுக்கு அதிலும் பாதிதான்.

போஸ் கூச்சல் போடவில்லை, வேலையையும் விடவில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்தினார். சம்பளத்தை மட்டும் தொட மறுத்தார். ஒரு மாதம், இரண்டு மாதம் அல்ல, மூன்று வருஷம்! அப்போது தந்தை கடனில் மூழ்கியிருந்தார். 1887-ல் கல்யாணமும் ஆயிற்று. மனைவி அபலா, சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியம் படிக்க வந்து, உடல் நலமின்றிப் படிப்பை முடிக்காமல் திரும்பியவர். சம்பளமில்லாத வீட்டில் அவர் முகம் சுளிக்காமல் குடும்பம் நடத்தினார்.

முடிவில் சர்க்கார் இறங்கி வந்தது. பதவியை நிரந்தரமாக்கி, பாக்கி முழுவதையும் கொடுத்தது. அந்தப் பணம் தந்தையின் கடனுக்குப் போயிற்று.

சுவரைத் துளைத்த அலை

கல்லூரியில் தக்க ஆராய்ச்சிக்கூடம் இல்லை. ஒரு சின்ன அறையும், எழுதப் படிக்கத் தெரியாத தகர வேலைக்காரர் ஒருவரின் உதவியும்தான் போஸுக்கு உண்டு. அதை வைத்துக்கொண்டு 5 மில்லிமீட்டர் நீளமுள்ள மின் அலைகளை உண்டாக்கினார். 1895-ல் கல்கத்தா டவுன் ஹாலில் கூடியவர்கள் அசந்து போனார்கள். கண்ணுக்குத் தெரியாத அலை, நடுவில் இருந்த சுவர்களைத் தாண்டிப் போய் மணி அடித்தது, வெடிமருந்தையும் கொளுத்தியது! 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன் அவரைப் பேச அழைத்தது.

குழலில் கேட்ட ஒலி

அலையை உண்டாக்கினால் மட்டும் போதுமா? அதை உணரக் கருவி வேண்டாமா? உலோகத் தூள் அடைத்த கண்ணாடிக் குழாய்தான் அப்போது பழக்கத்தில் இருந்தது. அலை பட்டதும் தூள் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் தட்டிவிட்டால்தான் மறுபடி வேலை செய்யும்.

இரும்பையும் பாதரசத்தையும் வைத்து, தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் கருவியைப் போஸ் செய்தார். அதை டெலிபோன் காதுக்குழலோடு இணைத்தார். அலை வந்தால் காதில் ஒலி கேட்கும். 1899-ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு இதை எழுதியும் அனுப்பினார்.

1901 டிசம்பர் 12-ல், அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த சைகையை மார்க்கோனி நியூபவுண்ட்லாந்தில் கேட்டதாக அறிவித்தார். அன்று அவர் காதில் இருந்ததும் டெலிபோன் குழல்தான். அதோடு இணைந்திருந்ததும் பாதரசக் கருவிதான். இத்தாலியக் கடற்படை நண்பர் ஒருவர் அவருக்குக் கொடுத்தது அது. அதன் மூலம் போஸின் 1899 கட்டுரைக்கே போகிறது என்று 1998-ல் அமெரிக்க மின் பொறியாளர் சங்கத்தின் சஞ்சிகையில் விரிவான ஆராய்ச்சிக் கட்டுரை வெளிவந்தது. 1909-ல் நோபல் பரிசு மார்க்கோனிக்கும் பிரவுனுக்கும் போயிற்று. போஸுக்குக் கிடைக்கவில்லை.

பணம் வேண்டாம் என்றவர்

லண்டனில் ஒரு கோடீசுவர முதலாளி, பேடண்ட் எடுத்தால் லாபத்தில் பங்கு தருவதாக ஆசை காட்டினார். அறிவை விற்பதில்லை என்று போஸ் மறுத்துவிட்டார். சகோதரி நிவேதிதாவும் சாரா புல் அம்மையாரும் வற்புறுத்தியதால்தான் அமெரிக்காவில் மனுச் செய்யப்பட்டது. 1904 மார்ச் 29-ல் கலீனா என்ற ஈயக் கல் கருவிக்கு 755840-ஆம் எண் பேடண்ட் கிடைத்தது. அதை வைத்து அவர் காசு பண்ணவில்லை.

1924 ஜூலை 31-ல் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. உலகெங்கும் மக்கள் காதுக்குழலை மாட்டிக்கொண்டு, அதே கலீனாக் கல்லின்மேல் மெல்லிய கம்பி முனையை நகர்த்தி நகர்த்திப் பாட்டைத் தேடிய காலம் அது.

செடிகளின் பக்கம்

அதற்குள் போஸ் செடிகளின் பக்கம் திரும்பிவிட்டார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கருவியைச் செய்தார். 1917-ல் சர் பட்டம் வந்தது. அதே ஆண்டு தம் பிறந்த நாளன்று கல்கத்தாவில் போஸ் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். அன்று அவர் ஆற்றிய உரையைப் பாரதியார் ‘ஜீவ வாக்கு’ என்று தமிழாக்கினார். 1920-ல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. 1937 நவம்பர் 23-ல், 79-வது பிறந்த நாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், கிரிதியில் காலமானார்.

போஸ் என்ற பெயர் பொறித்த ஹெட்போன் கடைகளில் விற்கிறதே, அது இவருடையதா? இல்லை. 1964-ல் அமெரிக்காவில் அந்த நிறுவனத்தைத் தொடங்கியவர் அமர் கோபால் போஸ். அவர் தந்தையும் வங்காளிதான் என்றாலும் அவர் வேறு, இவர் வேறு.

ஜகதீசரின் பெயர் எந்த ஹெட்போனிலும் இல்லை. ஆனால் அவர் கைப்படச் செய்த கருவிகள் கல்கத்தாவில் அவரது நிலையத்தில் காப்பாற்றப்பட்டு வருகின்றன. 2012-ல் அந்த அமெரிக்கச் சங்கமும் அவரது ஆராய்ச்சியை மைல்கல் என்று அறிவித்துப் பெருமை செய்தது. கம்பியில்லாத ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு விளாங்குடியில் பஸ் ஏறுகிறவருக்குப் பாட்டைக் கொண்டு வருவதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத அலைதான். சம்பளத்தில் நியாயம் கேட்டு மூன்று வருஷம் பொறுத்திருந்த மனிதர், தம் கண்டுபிடிப்புக்கு மட்டும் விலை கேட்கவே இல்லை.